ஏட்டில் உள்ள பாலுரிமை

அமெரிக்காவில் 2015 இல் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளில் நூற்றுக்கு 86 தாய்ப்பால் அருந்தத் தொடங்கின. கறுப்பினக் குழந்தைகளிலோ நூற்றுக்கு 69 மட்டுமே. இத்தொகையைக் கண்டதும், “அத்தாய்மாருக்கு மனமில்லை” என்று கூறிவிடுவோர் உளர். எதிரியின் வாக்குமூலம் கேளாது வழங்கும் தீர்ப்பு அது.

கன்றைக் கட்டிவைத்து மடியை ஒட்டக் கறப்பவனை நம் கமக்காரர் பாவி என்பர். அடிமைக் காலத்து அமெரிக்காவில் அப்பாவம் பெண்களுக்கே இழைக்கப்பட்டது. தன் சேய் பசித்திருக்க, எசமானின் சேய்க்குப் பாலூட்டுமாறு கறுப்பினத் தாய் கட்டாயப்படுத்தப்பட்டாள். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தது, வஞ்சனை ஒழிந்ததா? 1946 இல் வட கரோலினாவில் ஒரே பிரசவத்திற் பிறந்த நான்கு கறுப்பினச் சகோதரிகளைத் தகரப்பாற் கம்பனி ஒன்று தன் விளம்பரமாக்கிற்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். கறுப்பினத்தார் மிகுந்து வாழும் பகுதிகளின் வைத்தியசாலைகளில், பிறந்தவுடன் பாலூட்டுவித்தல், தாயையும் சேயையும் ஓரறையில் வைத்தல் ஆகிய உதவிகள் குறைவென அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையமே 2014 இல் காட்டிற்று.

சட்டமோ? 1993 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் பன்னிரண்டு வார விடுமுறை தருகிறது, சம்பளமின்றி. ஐம்பது பேருக்குக் குறைந்த தனியார் தொழிலகங்களில் அதுவும் இல்லை. 2022 ஆம் ஆண்டுச் சட்டம் வேலைத்தலத்தில் பால் எடுக்க நேரமும், மலசலகூடமல்லாத மறைவிடமும் வழங்கச் சொல்கிறது. அந்நேரத்துக்குக் கூலி கொடுக்குமாறு பொதுவாகச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் கூலி பெறுபவளுக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்றோ?

இக்குறையை ஓரளவேனும் தீர்ப்போர் அயற்பெண்களே. டெற்றோயிற், அற்லாண்டா முதலிய நகரங்களில் கறுப்பினத் தாய்மார் தாமே சங்கம் அமைத்துள்ளனர். காம்பு புண்ணானால், பால் போதவில்லையென அஞ்சினால், முதற்பிள்ளைக்காரி தன்னைப் போன்ற இன்னொரு தாயிடம் கூச்சமின்றிக் கேட்கிறாள். வைத்தியர் சொல்லிப்போவதை அவள் அருகிருந்து காட்டுகிறாள். 2013 முதல் ஆகஸ்ட் கடைசி வாரத்தைக் கறுப்பினத் தாய்ப்பால் வாரமாகவும் கொண்டாடுகின்றனர். (கொண்டாட்டத்தை நான் குறைகூறேன். ஆனால் அது வேதனமாகாது.)

வேதனமும் ஓரளவு உண்டு. சமஷ்டி அரசின் தாய்சேய் உணவுத் திட்டம் 2004 முதல், பாலூட்டி அநுபவப்பட்ட தாய்மாரை இப்பணிக்கு அமர்த்துவதற்குப் பணம் ஒதுக்குகிறது. ஆயின் அது சட்டம் உறுதிசெய்த உரித்தன்று, காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்குவது, எவ்வாண்டும் குறைக்கக்கூடியது. அவ்வேதனம் சட்டத்தில் உரித்தாக எழுதப்படல் வேண்டும். பால் எடுக்கும் நேரத்துக்குரிய கூலியும் அதனுடன் எழுதப்படல் வேண்டும்.