அந்தப்புரத்தின் தலையில் கட்டிய பழி

சீனப் பேரரசுகள் ஏன் விழுந்தன என்ற கேள்விக்குக் கைவசம் ஒரு பதில் எப்போதும் உண்டு. மன்னர் நல்லவர்தான், சுற்றியிருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். ஹான், மிங் வம்சங்களை ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களான அண்ணகர்கள் அரித்துத் தின்றார்கள். தாங் வம்சத்தை யாங் குயிஃபெய் என்ற பேரழகி மயக்கிச் சாய்த்தாள். கடைசி வம்சமான சிங்கை சிஷி என்ற பேரரசி குழிதோண்டிப் புதைத்தாள். வரலாற்று நாவல்களும் சினிமாவும் அரண்மனைச் சதியை வைத்து ஓடும் தொலைக்காட்சித் தொடர்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கேள்வி கேட்கத் தேவையில்லாத உண்மையாக ஆக்கிவிட்டன.

இது உண்மையல்ல. ஆட்சி செய்தவர்களின் தவறுகளை, பதில் எழுத வழியில்லாதவர்களின் கணக்கில் ஏற்றிவைத்த மோசடி.

குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அண்ணகர்கள்தான் நோய் என்றால், அவர்களை அகற்றியதும் அரசு பிழைத்திருக்க வேண்டும். சீன வரலாற்றில் இரண்டு முறை அப்படி அகற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் முறை கி.பி. 189. தலைநகர் லுவோயாங்கில் யுவான் ஷாவோ என்ற பிரபு தன் படையோடு அரண்மனைக்குள் புகுந்து, கண்ணில் பட்ட அண்ணகர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார். 2,000 பேருக்கு மேல் செத்தார்கள். தாடி முளைக்காத காரணத்தால் மட்டுமே கொல்லப்பட்ட ஆண்களும் அதில் உண்டு. வேறு சிலர் உடையை அவிழ்த்துக் காட்டி உயிர் பிழைத்தார்கள். அரண்மனை சுத்தமாகிவிட்டது. பிறகு நடந்தது என்ன? அந்தக் குழப்பத்துக்குள் எல்லைப்படைத் தளபதி துங் ஜுவோ நுழைந்தார். மன்னரை இறக்கிவிட்டுத் தன் கைக்கு அடங்கிய சிறுவனை அரியணையில் உட்கார்த்தினார். மறு ஆண்டே லுவோயாங்கைக் கொளுத்தினார். 220-ல் ஹான் வம்சம் பெயரளவிலும் முடிந்துபோனது. அண்ணகர்கள் இல்லாத அரண்மனையில்தான் அது செத்தது.

இரண்டாம் முறை 903. தாங் அரசவையின் அமைச்சர் ட்சுய் யின், அண்ணகர்களை ஒழிக்க ஜூ வென் என்ற தளபதியைத் துணைக்கு அழைத்தார். நூற்றுக்கணக்கான அண்ணகர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தளபதி, தன்னை அழைத்த அமைச்சரையும் கொன்றார், மன்னரையும் கொன்றார். 907-ல் தாங் வம்சத்தை முடித்துவைத்துத் தானே அரியணை ஏறினார்.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். எல்லைப்படைத் தளபதி ஆன் லூஷானின் கலகம் 755-ன் இறுதியில் வெடித்தது. மன்னர் ஷுவான்சோங் தலைநகரை விட்டு ஓடும் வழியில், மாவெய் என்ற இடத்தில் காவல் படையினர் நகர மறுத்து, யாங் குயிஃபெய்யைப் பலி கேட்டார்கள். மன்னர் சம்மதித்தார், அந்தப் பெண்ணின் கழுத்து நெரிக்கப்பட்டது. அது 756. போர் ஓய்ந்தது 763-ல். அவரைக் கொன்ற பிறகும் ஏழு ஆண்டுகள் நாடு எரிந்தது. ஏனென்றால் நெருப்பு வைத்தது அவரல்ல. மூன்று எல்லைப்புறப் படைகளையும் ஆன் லூஷான் என்ற ஒரே தளபதியிடம் ஒப்படைத்தது மன்னரின் முத்திரை. எல்லைப் படைகளை வேற்றினத் தளபதிகளிடம் விட்டால் அரசவையில் தனக்குப் போட்டி வராது என்று கணக்குப் போட்டவர் லீ லின்ஃபு என்ற அமைச்சர். அரண்மனைக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் படைகளின் எண்ணிக்கைகூடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் அண்ணகர்கள் அப்பாவிகளா? இல்லை. தாங் வம்சத்தின் பிற்காலத்தில் அரண்மனைப் படை அவர்கள் கையில் இருந்தது. மன்னர்களை ஏற்றவும் இறக்கவும் செய்தார்கள். மிங் காலத்து வெய் ஜோங்ஷியன், தன்னை எதிர்த்த நேர்மையான அதிகாரிகளைச் சிறையில் சித்திரவதை செய்து கொன்றவர். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அதிகாரம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும். தாங் மன்னர் தெசோங்கை 783-ல் தலைநகரை விட்டுத் துரத்தியது அவருடைய சொந்தப் படை. அந்த அனுபவத்துக்குப் பிறகு தளபதிகளை நம்பாமல், காவல் படையை அண்ணகர்களிடம் கொடுத்தவர் அவரே.

மிங் வம்சத்தின் கதை இன்னும் தெளிவானது. அதை நிறுவிய ஹோங்வு மன்னர் 1380-ல் தன் முதன்மை அமைச்சரைக் கொன்றார். அந்தப் பதவியையே ஒழித்தார். எல்லா முடிவும் தானே எடுப்பது என்று வைத்துக்கொண்டார். 1384-ல் அரசு நிர்வாகத்தில் தலையிடும் அண்ணகனின் தலை போகும் என்று இரும்புப் பலகையில் பொறித்து அரண்மனையில் வைத்தார். அதே ஆண்டில், எட்டே நாட்களில் அவர் மேசைக்கு வந்த மனுக்கள் 1,660. அவற்றில் இருந்த விவகாரங்கள் 3,391. ஒரு நாளைக்கு 200 மனுக்களுக்கு மேல். ஹோங்வு இரவும் பகலும் உழைத்துப் படித்தார். அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்த பேரனும் கொள்ளுப்பேரனும் அப்படி உழைப்பார்களா?

உழைக்கவில்லை. செயலர்கள் ஒவ்வொரு மனுவின் மேலும் பரிந்துரையை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புவார்கள். மன்னர் சிவப்பு மையில் ஒப்புதல் எழுத வேண்டும். அந்தச் சிவப்புத் தூரிகையை மன்னர் பிடிக்க மறுத்தபோது, பக்கத்தில் நின்றவர் பிடித்தார். 1426-ல் ஷுவாந்தே மன்னர் அண்ணகச் சிறுவர்களுக்கு அரண்மனைக்குள்ளேயே பள்ளிக்கூடம் திறந்தார். பாடம் நடத்தியவர்கள் நாட்டின் மிக உயர்ந்த அறிஞர் கழகத்தைச் சேர்ந்தவர்கள். அண்ணகர்கள் அரசைத் திருடவில்லை. எல்லா அதிகாரமும் ஒரே மனிதரிடம் குவிந்த அமைப்பு, அந்த மனிதர் சோம்பிய நாளில் அவருடைய வேலைக்காரரிடம் தானாகவே போய்ச் சேர்ந்தது.

வெய் ஜோங்ஷியனுக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட அந்த மனிதரை உயர்த்திப் பிடித்தவர்கள் யார்? 1626-ல் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கோயில் எழுப்பினார் ஜெஜியாங் மாகாண ஆளுநர். பிற மாகாணங்களின் உயரதிகாரிகள் போட்டி போட்டுக்கொண்டு அதைப் பின்பற்றினார்கள். கன்ஃபூசியஸுக்குச் சமமாக வைத்து அவரை வழிபட வேண்டும் என்று விண்ணப்பித்தவர், அரசுக் கல்விக்கழகத்தின் மாணவர். 1627-ல் வெய் தூக்கில் தொங்கிய பிறகு, புதிய மன்னர் சோங்ஜென் குற்றவாளிகளின் பட்டியல் தயாரித்தார். அதில் 200-க்கும் மேற்பட்ட பெயர்கள். பெரும்பாலானவர்கள் தேர்வு எழுதி, பட்டம் வாங்கி, பதவிக்கு வந்த அதிகாரிகள். பின்னாளில் மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு 1739-ல் முடிக்கப்பட்டபோது, இந்த அதிகாரிகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அண்ணகர் கட்சி என்று தலைப்பிட்ட அத்தியாயத்தில். அதிகாரிகள் செய்த அநியாயத்துக்கும் அண்ணகரின் பெயரே ஒட்டப்பட்டது.

எழுதியவர்கள் யார் என்பதிலேயே விடை இருக்கிறது. வம்ச வரலாறுகளைத் தொகுத்தவர்கள் தேர்வெழுதி வந்த அறிஞர் அதிகாரிகள். மன்னரின் காதுக்கு அருகில் யார் இருப்பது என்பதில் அவர்களுக்கும் அண்ணகர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போட்டி. ஒரு வழக்கில் எதிர்த்தரப்பே தீர்ப்பும் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்றுவரை வரலாறு என்று வாசிக்கிறார்கள்.

சரி, வெய் ஒழிந்தாரே, மிங் பிழைத்ததா? சோங்ஜென் கடுமையாக உழைத்த மன்னர். 17 ஆண்டுகளில் ஏறத்தாழ 50 தலைமைச் செயலர்களை மாற்றினார். வடகிழக்கிலிருந்து படையெடுத்த மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய தளபதி யுவான் சோங்ஹுவானை, துரோகி என்று சந்தேகித்து, 1630-ல் அணுஅணுவாக வெட்டிக் கொல்ல உத்தரவிட்டார். அதிகாரிகள் மேலிருந்த அவநம்பிக்கையில், படைகளைக் கண்காணிக்க மறுபடியும் அண்ணகர்களையே அனுப்பினார். வடக்கே வறட்சி, பஞ்சம், கொள்ளைநோய். மேலே போர் வரிகளும் சேர்ந்தன. செலவைக் குறைக்க அஞ்சல் நிலையங்களில் ஆள்குறைப்பு செய்தார்கள். வேலை போனவர்களில் ஒருவர் லீ ஸிசெங். அந்த முன்னாள் அஞ்சல் ஊழியரின் கலகப்படைதான் 1644-ல் பெய்ஜிங்கைப் பிடித்தது. மன்னர் அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டார். அன்று அவரோடு சேர்ந்து செத்தவர் வாங் செங்கென். அவர் ஓர் அண்ணகர்.

இந்த அண்ணகர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1996-ல் மறைந்த சுன் யாவோடிங், சீன அரண்மனையின் கடைசி அண்ணகர். தியான்ஜின் பக்கத்தில் ஏழைக் குடும்பம். அவருக்கு எட்டு வயதானபோது, வறுமையிலிருந்து மீள வேறு வழி தெரியாத தந்தை, மண்சுவர் வீட்டுக்குள், சவரக்கத்தியால் அவரை அறுத்தார். மயக்க மருந்து இல்லை. எண்ணெயில் நனைத்த காகிதமே கட்டு. காயம் ஆறிய சில மாதங்களில் மன்னர் பதவி துறந்த செய்தி ஊருக்கு வந்தது. அந்தப் பிள்ளை இழந்ததற்கு இனி எந்தப் பயனும் இல்லை என்றே அன்று தோன்றியது. இப்படிப்பட்ட ஏழைச் சிறுவர்களையும், போரில் பிடிபட்ட சிறுவர்களையும் அறுத்துத்தான் அரண்மனை தன் ஊழியர்களைத் திரட்டியது.

அந்தப்புரப் பெண்களின் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு 1424 சாட்சி. யோங்லே மன்னர் இறந்ததும் அவருடைய துணைவியர் 30 பேருக்கு மேல் உடன் சாகப் பணிக்கப்பட்டார்கள். முதலில் விருந்து வைத்தார்கள். பிறகு ஒரு மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். அழுகுரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. சிறு மரக்கட்டில்கள் மேல் ஏறி நிற்கவைத்து, தலையைச் சுருக்கில் நுழைத்து, கட்டிலை இழுத்துவிட்டார்கள். இறந்தவர்களில் கொரியப் பெண்களும் இருந்ததால், கொரிய அரசவையின் குறிப்பேடு இதைப் பதிவு செய்தது. 1464 வரை இந்த வழக்கம் நீடித்தது. 1542-ல் அரண்மனைப் பெண்கள் 16 பேர், கொடுமை பொறுக்க முடியாமல், தூங்கிக்கொண்டிருந்த ஜியாஜிங் மன்னரின் கழுத்தைப் பட்டுக் கயிற்றால் இறுக்கினார்கள். முடிச்சைத் தவறாகப் போட்டதால் மன்னர் பிழைத்தார்; பெண்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேரரசுகளைச் சாய்த்தவர்கள் என்று பழி சுமப்பவர்கள் இவர்கள்.

அண்ணகர் ஒருவர் சாதித்தபோது மட்டும் அவர் அண்ணகர் என்பதே மறந்துபோகிறது. காகிதம் செய்யும் முறையை 105-ல் ஹான் மன்னர் முன் வைத்த சாய் லுன் ஓர் அண்ணகர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலில் கலம் செலுத்திய ஜெங் ஹேயும் அண்ணகர். யுன்னான் போரில் சிறுவனாகப் பிடிபட்டவர். 1409 தேதியிட்ட அவருடைய கல்வெட்டு இலங்கையின் காலியில் 1911-ல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தெனாவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை வைக்கிறது. மூன்று மதத்தாருக்கு அவரவர் மொழியில் மரியாதை செய்யத் தெரிந்த அரசதந்திரம் அது. அந்தப் பயணங்களை வீண் செலவு என்று எதிர்த்தவர்கள் அறிஞர் அதிகாரிகள்.

கடைசியாக சிஷி. 1898-ல் சீர்திருத்தவாதிகள் ஆறு பேரை விசாரணையின்றிக் கொன்றது, 1900-ல் அந்நியரை எதிர்த்த பாக்சர் கலகக்காரர்களை நம்பி வல்லரசுகளோடு போர் தொடுத்தது ஆகிய இரண்டும் அவர் செய்த பெரும் பிழைகள். ஆனால் உலகம் அறிந்த கொடூரக் கிழவியின் சித்திரத்துக்கு அடிப்படையாக இருந்த 1910-ம் ஆண்டுப் புத்தகம், எட்மண்ட் பேக்ஹவுஸ் என்ற ஆங்கிலேயரும் ஒரு பத்திரிகையாளரும் சேர்ந்து எழுதியது. அதற்கு ஆதாரமான நாட்குறிப்பு போலி. பேக்ஹவுஸ் வாழ்நாள் முழுக்கப் பொய் ஆவணங்களில் புரண்டவர் என்பதை வரலாற்றாசிரியர் ஹ்யூ டிரெவர்-ரோப்பர் 1976-ல் விரிவாக நிறுவினார். பெண்களின் கால் கட்டும் வழக்கத்துக்கு எதிராக 1902-ல் ஆணையிட்டதும், உடலைத் துண்டு துண்டாக வெட்டும் தண்டனையையும் பழைய தேர்வு முறையையும் 1905-ல் ஒழித்ததும் சிஷியின் அரசுதான். அபின் போர்களும் தைப்பிங் கலகமும் சிங் அரசின் முதுகெலும்பை முறித்தது அவர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே.

அதே வம்சத்தில் ஹெஷென் என்பவரும் இருந்தார். சியன்லுங் மன்னரின் செல்லப்பிள்ளை; அண்ணகரல்ல, பெண்ணல்ல, முறையாகப் பதவி வகித்த ஆண். இருபது ஆண்டுகளுக்கு மேல் பதவிகளை விற்றும் லஞ்சம் வாங்கியும் சேர்த்த அவருடைய சொத்தை 1799-ல் புதிய மன்னர் பறிமுதல் செய்து, சாகச் சொல்லிப் பட்டுக் கயிறு அனுப்பினார். கஜானா காலியாகி, வெண்தாமரைக் கலகம் மாகாணம் மாகாணமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. சீன அரசவை கண்ட மிகப் பெரிய கொள்ளைக்காரர் என்று சொல்லத்தக்க இந்த மனிதரைக் காட்டி, ஆண்கள் கையில் ஆட்சியைக் கொடுத்ததால்தான் பேரரசு அழிந்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. அவர் செய்த குற்றம் அவரோடு நின்றது. சிஷிக்கும் யாங் குயிஃபெய்க்கும், பெயர் தெரியாமல் லுவோயாங்கில் வெட்டுப்பட்ட 2,000 பேருக்கும் அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை.