பாட்டிக்குக் காது கேட்கிறது!

தருமபுரியில் எங்கள் வீட்டில் பத்து நாளாக ஒரே கலவரம். என் மாமியாருக்கு 82 வயது. "காது போய்விட்டது. இனிமேல் என்னை டெலிபோனுக்குக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று திண்ணையிலிருந்தே எண்ணிச் சொல்கிறவருக்குக் காது போகுமா, நீங்களே சொல்லுங்கள்!

மெல்பர்னிலிருக்கும் பேத்தி பேசுவது பாட்டிக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பாட்டி "ஹலோ, ஹலோ" என்று அலறுவதோ அவளுக்கு ஸ்பஷ்டமாகக் கேட்கிறதாம். கைபேசியில் பேசினால் போயிற்று என்பீர்கள். வாஸ்தவம்தான். அந்தக் கண்ணாடியில் பாட்டியின் விரல் நிற்பதில்லை. ரிசீவரைத் தூக்கினால்தான் அவருக்குப் பேச்சு. அதனால்தான் இன்டர்நெட் வழியே பேசும் சிறு பெட்டி ஒன்றைப் பேத்தி அனுப்பிவைத்தாள். பழைய டெலிபோனை அதில் மாட்டி, பெட்டியை ரவுட்டரில் இணைத்தோம். வந்தது வினை!

சங்கதி இதுதான். பழைய முறை இன்டர்நெட் விலாசங்கள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகையால் ஒண்டுக்குடித்தனம் மாதிரி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வாசலில் ஒரே கதவிலக்கம். உள்ளே 192.168 என்று தொடங்கும் எண்கள். அவை எல்லார் வீட்டிலும் உண்டு. வெளியே போகும் கடிதத்தின் உறையில் ரவுட்டர் வாசல் இலக்கத்தை எழுதிவிடும். டெலிபோன் பெட்டியோ கடிதத்துக்கு உள்ளேயும், "குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு" என்று உள்வீட்டு எண்ணையே எழுதிவைக்கிறது. மெல்பர்னிலிருந்து அந்த எண்ணுக்குக் குரல் அனுப்பினால் எங்கே வந்து சேரும்? நம் குரல் போகும், அவர்கள் குரல் வராது.

இதைத் திருத்தவென்றே பல ரவுட்டர்களில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்று ஒரு குமாஸ்தா இருக்கிறார். கடிதத்தைப் பிரித்து விலாசத்தை மாற்றுவார். அரைகுறையாக மாற்றிக் காரியத்தைக் கெடுப்பதும் அவரே! பேத்தி கைபேசியில் சொல்லச் சொல்ல, ரவுட்டரில் அவரை நிறுத்தினேன். பிறகு டெலிபோன் பெட்டியில் 'ஸ்டன்' என்பதைப் போட்டேன். வெளியிலுள்ள ஒருவரிடம் "என் வீட்டுக் கதவிலக்கம் என்ன?" என்று கேட்டறிந்து, அதையே கடிதத்துக்குள் எழுதும் ஏற்பாடு அது. 'கீப் அலைவ்' என்பதையும் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் ரவுட்டர் வழியை மூடிவிடும், மணி அடிக்காது.

ஒரு எச்சரிக்கை. யாராவது, "டி.எம்.இசட். திறந்துவிடுங்கள் அக்கா, எல்லாம் சரியாகும்" என்பார்கள். வேண்டாம். வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற கதை அது. நடுநிசியில் ஆளில்லாத மணி அடிக்கும். ரவுட்டரின் வெளி விலாசம் 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், கம்பெனிக்காரரே பல வீடுகளுக்கு ஒரே விலாசத்தைப் பங்கிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது நம் வீட்டு ரவுட்டரில் போர்ட் திறப்பது வீண் வேலை.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. பாட்டியைக் கெஞ்சி அழைத்துவந்து ரிசீவரைக் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு அதட்டல் கேட்டது:

"ஏண்டி இப்படிக் கத்துகிறாய்? நான் என்ன செவிடா?"