மார்க்கபந்து ‘மார்க்’ ஆனால் அர்த்தம் மாறுமா?

வேலூர், ஆம்பூர், ஆற்காடு பக்கம் ‘மார்க்கபந்து’ என்ற பெயரைக் கேட்டு யாரும் ஆச்சர்யப்பட மாட்டார்கள். அந்த வட்டாரத்தைத் தாண்டினால்தான், “இது என்ன பேரு?” என்ற கேள்வி வரும். ஸ்கூலில் இன்னும் கஷ்டம். பெயரில் பாதி ‘மார்க்’, மீதி ‘பந்து’. கிண்டலடிக்க வேறென்ன வேண்டும்?

உண்மையில் ‘மார்க்கம்’ என்றால் வழி. ‘பந்து’ என்றால் உறவு. கல்யாணப் பத்திரிகையில் ‘இஷ்டமித்திர பந்துக்களுடன் வருக’ என்று போடுகிறார்களே, அந்த பந்துதான். வழியில் உறவாகக் கூட வருபவன், அதாவது வழித்துணை.

இந்தப் பெயர் பிறந்த இடம் விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சொல்வார்களே, அந்த மதிலுக்குள் இருப்பவர் மார்க்கபந்தீஸ்வரர். தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் கிளம்பிய வணிகர் ஒருவர், வழியில் கொள்ளையர் பயம் என்று இங்கே வேண்டிக்கொள்ள, சிவனே வீரனாகத் துணைக்கு வந்தார் என்கிறது தலபுராணம். 16-ம் நூற்றாண்டில், ஆரணி அருகே அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் இவர்மேல் ‘மார்க்கபந்து ஸ்தோத்திரம்’ பாடினார். வெளியூர் கிளம்பும் முன் அதைச் சொல்கிற வீடுகள் இன்றும் உண்டு. பக்கத்திலேயே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுவதால், சாமிக்கு வேலை குறைந்தபாடில்லை!

கார்த்திகை கடைசி ஞாயிறன்று இங்கே கூட்டம் அலைமோதும். குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து, ஈரத்துணியோடு கோயிலுக்குள் படுப்பார்கள். இப்படி வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு சாமி பெயர் வைத்தால், அது நேர்த்திக்கடன் மாதிரி. ஸ்டைலாக இல்லை என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

வழியோடு ஒட்டிக்கொண்ட ஆண் பெயர் ஸ்பெயினிலும் ஒன்று உண்டு. சாண்டியாகோ. ‘புனித யாக்கோபு’ என்று அர்த்தம். அவர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாண்டியாகோ தே கொம்போஸ்தேலா நகரத்துக்கு ஐரோப்பா முழுக்கவிருந்து யாத்ரீகர்கள் நடந்தே போகிறார்கள். பிரான்ஸ் எல்லையில் தொடங்கும் புகழ்பெற்ற பாதை மட்டுமே சுமார் 780 கி.மீ. பாலோ கொய்லோவின் ‘ரசவாதி’ படித்தவர்களுக்கு, புதையல் தேடிக் கிளம்பும் அந்த ஆடு மேய்க்கும் பையனின் பெயர் ஞாபகம் இருக்கும். அவனும் சாண்டியாகோதான்.

இந்தப் பெயர் நமக்கும் அந்நியமில்லை. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து நம் கடற்கரையில் ‘சந்தியாகு’ ஆகிவிட்டது. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கோயிலே இருக்கிறது. மூலப் பெயரான யாக்கோபு, ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களில் யாகூப். பைபிள் கதைப்படி, அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்ததால் அவருக்கு அந்தப் பெயர். ஷூ தயாரிக்கிற ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஆங்கிலத்தில் அதே பெயர் ஜேம்ஸ். ஆனால், 1952-ல் ‘கடலும் கிழவனும்’ எழுதிய ஹெமிங்வே, கியூபா மீனவருக்கு ஜேம்ஸ் என்று பெயர் வைக்கவில்லை. சாண்டியாகோ என்றே விட்டார். படித்தவர்கள் யாரும் வாயில் நுழையவில்லை என்று புத்தகத்தை மூடி வைக்கவில்லை.

லெதர் கம்பெனியில் வெளிநாட்டு பையருக்கு மெயில் போடும் மார்க்கபந்து, ‘மார்க்’ என்று சுருக்கிக்கொள்வது வசதிதான். ஆனால், அது வேறு பெயர். ரோமானியர்களின் ‘மார்க்கஸ்’ஸில் இருந்து வந்தது. போர்க் கடவுள் மார்ஸோடு சேர்த்துச் சொல்வார்கள். வழித்துணைக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை. அம்பாள் மரகதாம்பிகையின் பெயர் அந்த விஷயத்தில் தப்பித்தது. ‘மரகதம்’ என்று சுருக்கினாலும் பொருள் கெடுவதில்லை.

செல்லமாகக் கூப்பிடுவது எப்படியும் இருக்கட்டும். சிக்கல் ஆவணங்களில்தான். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘ஜி’யா, ‘கே’யா? ‘பந்து’வுக்கு ‘பி’யா, ‘பி-ஹெச்’சா? கடைசியில் ‘டி’யா, ‘டி-ஹெச்’சா? பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று இருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல்தான். பெரியவர்கள் எழுத்தை மாற்ற வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.

குழந்தைக்கு அந்த அவஸ்தை வேண்டாமே. பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆபீஸுக்குப் போகும் முன், அந்த ‘ஹெச்’ உண்டா இல்லையா என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.