பதக்கமும் பட்டமும்

அமெச்சூர் குத்துச்சண்டையில் வாகை சூடியவர் தொழில்முறை அரங்கிலும் வெல்வார் என்பது பலரது துணிபு. 1960-இல் ரோமில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முகம்மது அலி 1964-இல் உலகப் பட்டத்தையும் கைக்கொண்டமை இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். ஆயினும் ஒருவரது வரலாறு பொதுவிதி ஆகிவிடாது.

1984 ஒலிம்பிக்கிற்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டிகளில் மைக் டைசன், ஹென்றி டில்மனிடம் தோற்றார். டில்மன் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் பெற்றார். டைசனோ 1986-இல், தம் இருபதாம் அகவையில், உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 1990-இல் அதே டில்மனை முதற்சுற்றிலேயே வீழ்த்தினார்.

காரணம் யாது? ஒலிம்பிக் போட்டி ஒரு சில சுற்றுகளில் முடிவது; விரைவும் நுட்பமும் அங்குப் போதும். உலகப் பட்டப் போட்டியோ பன்னிரண்டு சுற்றுகள் வரை நீள்வது. அடி தாங்கும் வன்மையும் தளராத மூச்சும் ஆங்கு வேண்டும். ஒலிம்பிக்கில் இருமுறை தங்கம் வென்ற உக்ரைன் வீரர் லோமசெங்கோவே 2014-இல் தம் இரண்டாம் தொழில்முறைப் போட்டியில் தோற்றார். மூன்றாவதில்தான் பட்டம் வென்றார்.

ஆகவே, பதக்கம் பெற்ற திறனுக்குச் சான்று. வருங்காலத்திற்கு உறுதிமொழி அன்று. முதற்றேர்வில் வென்றவனை நிறைவுற்றவன் எனக் கொண்டாடுவதும், தோற்றவனைப் பயனற்றவன் என ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும்.