பக்கிங்ஹாம் கால்வாய்ல ஒரு ஃபேமிலி ட்ரிப் போடலாமா?

செமஸ்டர் லீவு வந்தா எங்க போவீங்க? கொடைக்கானல், கோவா, இல்லன்னா பைக்கை எடுத்துட்டு ஈசிஆர். "அப்பா, அம்மா, தங்கச்சின்னு எல்லாரும் துடுப்பு போட்டுட்டே மூணு நாள் படகுல போனோம், ராத்திரி கரையில டென்ட் அடிச்சுத் தூங்கினோம்"னு ஒரு ஃப்ரெண்டு சொன்னா நம்புவீங்களா? இங்கிலீஷ் படம் பார்த்துட்டு வந்து கதை விடுறான்னு நினைப்பீங்க. ஆனா அப்படிப் போறதுக்கான வழி எங்க திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, மாமல்லபுரம் போற ரோட்டுலயே குறுக்கே வருது. பாலத்துல பஸ் ஏறி இறங்குறதுக்குள்ள கடந்துடுவோம். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

இந்தக் கால்வாய் 1806-ல சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா நீண்டது. 1876-78 பஞ்சத்தப்போ நிவாரண வேலையா ஜனங்களை வச்சு சென்னைக்குள்ள இருந்த இடைவெளியை வெட்டி இணைச்சாங்க. பசியோட இருந்தவங்க வெட்டின கால்வாய்க்கு, அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபுவோட பேரை வச்சாங்க. உப்பு, விறகு, நெல்லு எல்லாம் இதுலதான் சென்னைக்குப் போச்சு. மனுஷங்களும் போனாங்க. பாரதிதாசன் தோழர்களோட சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு'ன்னு கவிதையா எழுதினார். ஒருத்தர் கரையில நடந்து கயிறு கட்டி இழுக்கணும், அப்பத்தான் தோணி நகரும். அப்புறம் லாரி வந்துச்சு, ரோடு வந்துச்சு, புயல்ல கரை உடைஞ்சுச்சு. படகு நின்னுபோச்சு.

"அதனால இப்ப என்ன?"ன்னு கேப்பீங்க. நான் சொல்ல வர்றது இதுதான்: படகு நின்ன பிறகுதான் நம்ம கண்ணுக்கு அது சாக்கடையா மாறுச்சு. ஒரு தண்ணி மேல நாம பயணம் போகலன்னா, அதுக்கு என்ன ஆகுதுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுக்காக யாரும் கோபப்படவும் மாட்டோம்.

இதுக்கு ஒரு உதாரணம் பாலைவனத்துல இருக்கு. 1922-ல ஆல்டோ லியோபோல்டும் அவர் தம்பியும் ஒரு கனூ படகுல மெக்சிகோ பக்கம் கொலராடோ ஆத்தோட கழிமுகத்துக்குப் போனாங்க. கரையிலேயே சமைச்சு, கரையிலேயே படுத்து, பல நாள் சுத்தினாங்க. பிறகு மேல வரிசையா அணை கட்டினதுல அந்த ஆறு கடலுக்கே போகாம மணலாச்சு. 1949-ல வெளிவந்த அவர் புத்தகத்துல அந்தப் பயணத்தைப் பத்தி ஒரு கட்டுரை இருக்கு. அங்க முன்னாடி எவ்வளவு பச்சை இருந்துச்சுன்னு பிறகு வந்தவங்களுக்கு அது காட்டிக் கொடுத்துச்சு. 2014-ல ரெண்டு நாடும் சேர்ந்து எட்டு வாரம் தண்ணி திறந்து விட்டாங்க. வறண்டு கிடந்த ஆத்துல பசங்க இறங்கி ஆடினாங்க, தண்ணி கடலையும் தொட்டுச்சு.

இப்ப நம்ம பாலாறைப் பாருங்க. வயலூர்கிட்ட கடல்ல சேருது, ஆனா வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். 2021 நவம்பர்ல கரை தொட்டு ஓடினப்ப, நாம பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்தோம். தண்ணி போச்சு, நாமளும் மறந்துட்டோம். சங்கு தீர்த்தத்துல சங்கு பிறக்கும்னு 12 வருஷம் காத்திருக்கிற ஊர்க்காரங்க நாங்க. ஆனா பாலாத்துல தண்ணி வராததைப் பத்தி டீக்கடையில கூட யாரும் பேசுறதில்ல.

பாலாத்துல இன்னைக்கே படகு விட முடியாது. கால்வாய்ல முடியும். கணக்கு ரொம்ப சிம்பிள். மெதுவா துடுப்பு போட்டா மணிக்கு 4 கி.மீ. காலையில ரெண்டு மணி நேரம், வெயில் தாழ ரெண்டு மணி நேரம்னு வச்சா ஒரு நாளைக்கு 16 கி.மீ. கோவளத்துல கிளம்பினா ரெண்டு, மூணு நாள்ல மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம். ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். மழைக்காலத்துல வேண்டவே வேண்டாம்.

"அந்த நாத்தத்துலயா?"ன்னு கேக்குறது நியாயம்தான். நான் சொல்ற இடம் நகரத்துக்குள்ள இருக்கிற கால்வாய் இல்ல, அதுக்குத் தெற்கே. அங்கேயும் கழிவு கலக்குறதை முதல்ல நிறுத்தணும், தண்ணியைச் சோதிக்கணும், லைஃப் ஜாக்கெட் இல்லாம யாரையும் ஏத்தக் கூடாது. அதே மாதிரி, இதை ஏதோ ஒரு ரிசார்ட்டுக்குத் தூக்கிக் கொடுத்துடக் கூடாது. அந்தத் தண்ணியில இறங்கி கையாலயே இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களும் மீனவங்களும் இருக்காங்க. எங்க ஆழம், எங்க சேறுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். படகும் வருமானமும் அவங்க கையில இருக்கணும்.

2008-லயே இதைத் தேசிய நீர்வழி 4-ல சேர்த்தாச்சு. சரக்குக் கப்பல் கனவு எப்ப வேணா வரட்டும். துடுப்புப் படகுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்ல. நாலு படித்துறை, நாலு கழிப்பறை, தாழ்வா இருக்கிற பாலங்களோட ஒரு மேப் இருந்தா ஆரம்பிக்கலாம்.

அந்த மேப் இன்னும் நம்ம கையில இல்ல. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நெட்ல ரெடிமேட் டாபிக் தேடுறதை விட்டுட்டு, கோவளத்துல இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஒவ்வொரு பாலத்தோட உயரத்தையும் தண்ணியோட ஆழத்தையும் அளங்க. டேப் பிடிக்க ஆள் வேணும்னா நான் வர்றேன்.