கடலா, கல்வியா?

கடலோரத்துப் பிள்ளைக்கு வாழ்க்கையில் இரண்டு வழிகளே உண்டு என்று நம்மவரிடையே ஒரு நியாயம் வழங்கி வருகிறது. படிக்கப் போகிறாயா, கடலை மற. கடலுக்குப் போகிறாயா, படிப்பை மற. இதுவே அந்த நியாயம். தந்தையர் இதைச் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பரிசளிப்பு விழா மேடைகளில் ஏறும் பெரிய மனிதர்களும் சொல்கிறார்கள். சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல் வழியாகக் கற்பிட்டி முனை வரையில் இவ்வாக்கியம் ஒலிக்காத வீடு அரிது. நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த காரணத்தினாலேயே ஒரு சொல் உண்மையாகிவிடாது. இது உண்மைதானா, உண்மையாயின் யாருக்கு உண்மை, இதனால் பயனடைவோர் யார் என்பவற்றை ஆராய்வது எமது கடமை என்று கருதுகிறோம்.

உலகின் வேறு பகுதிகளில் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. மலையாறுகள் பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் நீரிலே கயாக் என்னும் ஒடுங்கிய ஓடத்தைச் செலுத்தும் இளைஞர்களையும் யுவதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாலம் எனப்படும் அந்தப் பந்தயத்தில், ஆற்றின்மேல் இருபது அளவிலான வாயில்கள் தொங்கவிடப்பட்டிருக்கும். பச்சைக் கோல் வாயிலை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்புக் கோல் வாயிலை நீரோட்டத்தை எதிர்த்துக் கடக்க வேண்டும். கோலைத் தொட்டுவிட்டால் 2 விநாடி தண்டம். வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பு. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்று, 1992 தொடக்கம் தொடர்ந்து நடைபெற்றுவரும் போட்டி இது.

இப்போட்டிக்கு ஆயத்தமாகும் பதினாறு வயதுப் பிள்ளை பாடசாலையை விட்டு விலக வேண்டியிருக்கிறதா? பிரான்ஸ் தேசத்தில் பாடத்தையும் பயிற்சியையும் ஒரே கால அட்டவணையில் பொருத்தும் பாடசாலைப் பிரிவுகள் உள்ளன. காலையில் ஆறு, பின்னர் வகுப்பு, மாலையில் மீண்டும் ஆறு. அந்நாட்டுப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட அறிவிற் சிறந்தவர்களும் அல்லர். உடல்வலிமை மிக்கவர்களும் அல்லர். ஒரு சமுதாயம் அவர்களுக்காக நேரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

புத்தளம் கரையில் வெள்ளைநீர் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லைதான். இலங்கையில் அத்தகைய நீரைத் தேடுவோர் களனி கங்கையின் கரையிலுள்ள கித்துல்கலவுக்குப் போகிறார்கள். ஆனால் இயற்கை புத்தளத்துக்கு வேறொன்றை வாரி வழங்கியிருக்கிறது. 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட களப்பு. அதை ஆழ்கடலின் சீற்றத்திலிருந்து காத்து நிற்கும் கற்பிட்டித் தீபகற்பம். வைகாசி தொடங்கி ஐப்பசி வரையில் ஓயாது வீசும் தென்மேற்குக் காற்று. மார்கழி முதல் மாசி வரையில் வாடை. காற்றுப் பட்டத்தைப் பற்றிக்கொண்டு பலகைமீது நின்று நீர்மேல் விரையும் 'கைற்' விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் இந்து சமுத்திரத்திலே அதிகமில்லை என்று அறிந்துதான் அந்நிய தேசத்தவர் விமானமேறிக் கற்பிட்டிக்கு வருகிறார்கள்.

அந்த விளையாட்டு 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆடவர் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றவர் சிங்கப்பூரின் மக்ஸ் மேடர். அப்போது அவருக்கு வயது 17. இந்தோனேசியாவின் வக்காத்தோபித் தீவுகளில், பெற்றோரின் விடுதிக் கரையில், சிறு பிராயத்திலேயே பட்டம் பிடிக்கப் பழகியவர் அவர். அங்கே வீசியதும் வெப்பமண்டலக் காற்றே. அங்கே இருந்ததும் நமது களப்பைப் போன்ற நீரே. அவருக்குக் கிடைத்தவை பட்டமும் பலகையும் பயிற்றுநரும், பயணத்தோடு படிப்பையும் தொடர்வதற்கான வசதியுமாகும். இவற்றுள் எதுவும் காற்றோடு இலவசமாக வருவதில்லை.

நமது கரையிலே நடப்பது என்ன? பட்டங்களைச் சுமப்பவர்கள் நமது பிள்ளைகள். பலகைகளைக் கழுவி அடுக்குபவர்கள் நமது பிள்ளைகள். காற்றில் அகப்பட்டுத் தொலைவிற் போன அந்நியரைப் படகிலே சென்று மீட்பவர்களும் அவர்களே. அவர்களுட் சிலர் தம் சொந்த முயற்சியினால் விளையாட்டைக் கற்றுப் பயிற்றுநர்களாக உயர்ந்திருக்கிறார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் அந்த உயர்வும் பருவகாலக் கூலியோடு கட்டுண்டதாகவே இருக்கிறது. காற்று நின்றால் வேலை நிற்கிறது. பாடசாலைக் கதவோ அதற்கு முன்பே மூடப்பட்டுவிடுகிறது. தன் வீட்டு முற்றத்து நீரில் பந்தயம் நடக்க, அதில் பந்தயக்காரனாக அன்றிப் பணியாளனாகவே நிற்கும் நிலையை எந்தத் தன்மானமுள்ள சமுதாயம் சகிக்கும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "அடுத்த வேளைச் சோற்றுக்கே வழி தேடும் வீட்டிற்கு விளையாட்டு ஓர் ஆடம்பரம்" என்பார்கள். இது புதிய வாதமன்று. கல்வியைப் பற்றியும் ஒரு காலத்தில் இதுவே சொல்லப்பட்டது. உழவன் மகனுக்கும் மீனவன் மகளுக்கும் உயர்கல்வி எதற்கு என்று கேட்டவர்கள் சட்டசபையிலும் இருந்தார்கள், வெளியிலும் இருந்தார்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய பாடசாலைகள் நாட்டுப்புறங்களுக்குச் சென்றன. ஏழைக்கு ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்டது ஏழையின் உரிமையாயிற்று. அன்று கல்விக்குப் பொருந்திய நீதி இன்று விளையாட்டுக்குப் பொருந்தாமற் போவதற்குக் காரணம் உண்டா?

அயல் நாட்டிலே ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது. அங்கே தேவாஸ் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்தவர் நேகா தாக்கூர். போபால் நகரத்து ஏரியில் நடைபெறும் தேசிய பாய்மரப் பயிற்சிப் பாடசாலையிலே தேர்ச்சி பெற்றார். 2023 செப்டெம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 17 வயதில், பாய்மரப் படகோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கடலில்லாத நாட்டின் உழவர் மகள் ஆசியாவின் இரண்டாவது இடத்தைப் பெற்றிருக்கிறாள். கடலிலேயே பிறந்து வளரும் உடப்பின் மகளுக்கும் கண்டக்குளியின் மகனுக்கும் பந்தயப் படகைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே எளிதிற் கிட்டுவதில்லை. இது இயற்கையின் குறையா, ஏற்பாட்டின் குறையா? விடையை வாசகர்களிடமே விடுகிறோம்.

அடுத்த மறுப்பு, விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது. இதைச் சொல்வோர் நம் சொந்த வரலாற்றையே மறந்தவர்கள். வல்வெட்டித்துறையிற் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தார். 51 மணித்தியாலம் நீரிலே கிடந்தார். அவர் படிப்பைத் துறந்தவரல்லர், சட்டம் பயின்றவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் அவருடைய உயிர் பிரியும்வரை அறிவும் ஆழியும் அவரிடம் பகை கொண்டதில்லை. சென்னையின் நேத்ரா குமணன் பொறியியல் மாணவியாக இருந்துகொண்டே பாய்மரப் படகோட்டத்தில் ஈடுபட்டவர். 2021 ஏப்ரலில் ஓமான் நாட்டில் நடந்த தகுதிப் போட்டியின் மூலம், பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதலாவது இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவிலும் பின்னர் 2024இல் பாரிஸிலும் போட்டியிட்டார். விரிவுரை மண்டபமும் விரிகடலும் ஒருவரது வாழ்வில் ஒருங்கே அமையலாம் என்பதற்கு இவர்கள் சான்று. ஆனால் தனிமனிதரின் அசாதாரண மனவுறுதியையும் குடும்பத்தின் ஆதரவையும் காட்டி, "அவர்களால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று வலைக்காரன் பிள்ளையைக் கேட்பது கொடுமை. சான்றோரை முன்மாதிரியாகக் காட்டலாம். அரசின் கடமைக்குப் பதிலாகக் காட்டலாகாது.

உண்மையிலே படிப்பைக் கெடுப்பது எது? பருவத்துக்குப் பருவம் கரை மாறும் குடும்பத்தோடு பிள்ளையும் இடம்பெயர்வது படிப்பைக் கெடுக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுடைய பிள்ளைகள், நெருக்கமான குடிசைகளிலும் நிரம்பி வழிந்த வகுப்பறைகளிலும் வளர்ந்தது படிப்பைக் கெடுத்தது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் கட்டணம் செலுத்தித் தனியார் வகுப்புக்குப் போகாதவன் வெற்றிபெற இயலாது என்ற நிலை படிப்பைக் கெடுக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலே புத்தளமும் இருக்கிறது. அந்தப் பட்டியலிலே அதைச் சேர்த்தது எந்த விளையாட்டு? பின்னேரம் இரண்டு மணித்தியாலம் துடுப்பு வலிக்கும் பிள்ளைமீது இத்தனை பழியையும் சுமத்துவது நேர்மையாகாது.

விளையாட்டில் மிகச் சிறந்து விளங்குவோருக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டே என்று சிலர் நினைவூட்டலாம். உண்டு; வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கதவு ஏறி வந்தவனுக்கே திறக்கிறது, ஏணி எங்கே? துடுப்புப் படகோட்டப் பந்தயம் இந்நாட்டில் கொழும்பின் பெருங் கல்லூரிகளுக்குப் பழகிய விளையாட்டு. அங்கே படகுக் கொட்டகை உண்டு, பயிற்றுநர் உண்டு, பழைய மாணவரின் பணமும் உண்டு. படகோட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட கரையிலோ அவற்றுள் எதுவுமில்லை. இலங்கை இதுவரை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு: 1948இல் டங்கன் வைற் பெற்றது, 2000இல் சுசந்திகா ஜயசிங்க பெற்றது. இரண்டும் ஓடுதளத்திற் கிடைத்தவை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தேசம் நீரிலிருந்து ஒரு பதக்கமும் எடுத்ததில்லை. நீரை அறிந்தவர்களை நீர்ப் பந்தயத்திற் சேர்க்காத தேசத்துக்கு வேறென்ன கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தார் 'கற்றமரான்' என்று வழங்கும் ஈருடற் படகின் பெயர் எங்கிருந்து போயிற்று? நமது கட்டுமரத்திலிருந்து போயிற்று. 1976 தொடக்கம் 2008 வரையில் 'ரொர்னாடோ' என்ற பெயரிலும், 2016 முதல் 'நக்ரா 17' என்ற பெயரிலும் அவ்வகைப் படகுகள் ஒலிம்பிக்கில் ஓடியிருக்கின்றன. பெயரை நாம் கொடுத்தோம். பெருமை பேசுவதற்கு இது போதுமென்று இருப்போர் இருக்கட்டும். சொல் மட்டும் கடல் கடந்து போயிற்று; அந்தச் சொல்லைப் பேசும் உழைப்பாளியின் பிள்ளை கரையிலேயே நிற்கிறான். பழம்பெருமை அவனுக்கு ஒரு பாய்த்துணிகூட வாங்கித் தராது.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாது விடுவதும் குற்றமாகும். கடற்கரையிற் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். அடக்கம் என்றும் வழக்கம் என்றும் சொல்லி அவர்களைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம். அலை வந்து மோதும்போது அது ஆண் பெண் பார்ப்பதில்லை என்பதை 2004 மார்கழியில் இந்தத் தீவு பெருவிலை கொடுத்து அறிந்துகொண்டது. பெண்களே பயிற்றுநர்களாகவும், அவரவர் சமயத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற உடையோடும், பாதுகாப்பான களப்பு நீரிலே நீச்சல் கற்பிப்பது முடியாத காரியமன்று.

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்களல்ல. களப்பின் கரையில் ஒரு பொதுப் படகுக் கொட்டகை வேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்க வேண்டும். உடப்பின் இந்துப் பிள்ளையும் கற்பிட்டியின் முஸ்லிம் பிள்ளையும் தலவில கத்தோலிக்கப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே துடுப்பைப் பிடிக்க வேண்டும். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் நீச்சல் ஒரு பாடமாக வேண்டும். போட்டிக்குப் போகும் மாணவனுக்குத் தவறிய பாடத்தை மீண்டும் கற்பிக்கவும், தவறிய தவணைப் பரீட்சையைப் பின்னர் எழுதவும் எழுத்திலமைந்த விதி வேண்டும். அதிபரின் நல்லெண்ணத்தை நம்பி அவன் நிற்கலாகாது. இக்கரையின் காற்றை விற்றுப் பொருளீட்டும் விடுதிகள், இக்கரையின் பிள்ளைகளைப் பயிற்றுவதற்குத் தம் வருவாயில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். பயிற்றுநராக வேலை செய்யும் இளைஞருக்கு ஊழியர் சேமலாப நிதியும், விட்ட படிப்பைத் தொடர மாலை வகுப்பும் வேண்டும்.

இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லப்படும். நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் எழுப்பப் பணம் கிடைத்தது. கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து அறுவாக்காட்டிற் கொட்டும் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்து, நாட்டின் குப்பையையும் ஏற்கச் சொல்லப்பட்ட மாவட்டம், தன் பிள்ளைகளுக்குப் பத்துப் படகுகள் கேட்கும்போது மட்டும் கருவூலம் வற்றிப்போகிறதா?

களப்பை விளையாட்டுக் களமாக அறிந்து வளரும் தலைமுறை, அதில் இறால் பண்ணைக் கழிவு கலப்பதையும் கண்டல் காடு வெட்டப்படுவதையும் பார்த்துக்கொண்டு வாளாவிராது. இதையும் ஆளுவோர் சிந்திக்கட்டும், அஞ்சுவோர் அஞ்சட்டும்.

கடலா, கல்வியா என்று இனி நம் பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி பிள்ளையின் முன் வைக்கப்படுகிற வரையில், விடை சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொண்டே இருப்பார்கள். மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் விளையாட்டுத்துறை அமைச்சையும் பிரதேச சபையையும் விடுதி முதலாளிகளையும் நோக்கி அதைத் திருப்புவோம். இரண்டையும் ஒருங்கே தருவதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் மீனவர் சங்கங்களும் ஒரே குரலிற் கேட்கட்டும். காற்றுப் பருவம் ஆண்டுதோறும் தவறாது வருகிறது. அடுத்த பருவத்துக்கு முன்னரேனும் பதில் வேண்டும்.