தேதி குறிக்கிற பிரசங்கம்

இஸ்ரவேல் எல்லையில் குண்டு விழுந்தால் எசேக்கியேல் 38. கொள்ளைநோய் பரவினால் வெளிப்படுத்தின விசேஷம் 6. ஆதார் அட்டை வந்தாலும் தடுப்பூசி வந்தாலும் வெளிப்படுத்தின விசேஷம் 13. செய்தித்தாளையும் வேதாகமத்தையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, இதற்கு அது, அதற்கு இது என்று பொருத்துவதுதான் தீர்க்கதரிசன ஆராய்ச்சி என்று நம் சபைகளில் எத்தனையோ பேர் மனதார நம்புகிறார்கள். அப்படிப் பொருத்திக்கொண்டே போனால் கடைசியில் ஓர் ஆண்டு கிடைக்கும். கிடைக்காவிட்டால், ‘நாம்தான் கடைசித் தலைமுறை’ என்பதாவது உறுதிப்படும். இதை வேதத்தின்மேல் உள்ள வைராக்கியம் என்று மெச்சுகிறோம். வேதம் சொல்வதைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள நாம் கண்டுபிடித்த வழி இது என்று நான் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த ஒரு சபை ஐயரின் மகள். மாற்றல் வரும்போதெல்லாம் சேகரமும் குருமனையும் மாறும். வீட்டில் மாறாதது காலை ஜெபமும் இரவு ஜெபமும்தான். அப்பா இரண்டாம் வருகையை நம்பினார், ஆகமன கால ஞாயிறுகளில் அதைப் பிரசங்கித்தார். தேதிப் பக்கம் அவர் போனதே இல்லை. தேதிகள் வெளியிலிருந்து வந்தன. கன்வென்ஷன் பந்தலில் பேச வந்த பிரசங்கியார் ஒருவர் பெரிய துணிப்படத்தைக் கட்டித் தொங்கவிடுவார். நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை: பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், களிமண் கலந்த பாதம். அந்தப் பாதத்தின் பத்து விரல்களும் பத்து ஐரோப்பிய நாடுகள். 1981இல் கிரீஸ் பத்தாவது நாடாக ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததைத் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று முழங்கினார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டு ஆயிற்று. இன்று 27. அந்தக் கணக்கு என்ன ஆனது என்று எவரும் திரும்பி வந்து சபைக்குச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் மிஞ்சியது பயம் மட்டுமே. பள்ளி விட்டு வரும்போது குருமனை சத்தமில்லாமல் கிடந்தால் போதும், அம்மாவும் அப்பாவும் இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். புறவாசலில் பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்ட பிறகே மூச்சு வரும். பெரியவளான பிறகு மற்ற ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். பலருக்கும் இதே பயம். தகப்பன் பிள்ளையை விட்டுப் போகமாட்டார் என்று போதிக்க வேண்டிய மார்க்கம், தகப்பன் எந்த நிமிடமும் உன்னை விட்டுப் போய்விடுவார் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தது.

இதற்கு இலக்கியத்திலும் ஒரு சாட்சி உண்டு. எட்மண்ட் காஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1907இல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்ற நூல். தந்தை பிலிப் ஹென்றி காஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் ஒரு சிறிய பிரதரன் சபையை மேய்த்தவர். அவரும் மனைவி எமிலியும் விளக்கவுரைகளை வைத்துக்கொண்டு வெளிப்படுத்தின விசேஷத்தைச் சேர்ந்து படிப்பார்கள். முத்திரைகளுக்கும் எக்காளங்களுக்கும் தங்கள் காலத்து ஐரோப்பிய அரசியலில் பொருள் தேடுவார்கள். அந்த வீட்டின் பெரிய சந்தோஷம் அது. மகனுக்கு ஏழு வயதாயிருக்கும்போது, 1857இல், தாய் புற்றுநோயால் இறந்தார். மகன் வளர்ந்தான். பள்ளியில் தங்கிப் படித்த நாளில், ஒரு கோடைகாலப் பிற்பகலில், ஜன்னலருகே இருந்தவனுக்கு இதோ இந்த நொடியே கர்த்தர் வருகிறார் என்று தோன்றியது. வாரும் என்று வாய்விட்டு ஜெபித்து, வானத்தைப் பார்த்துக் காத்திருந்தான். வெளிச்சம் மங்கியது. கீழே தேநீருக்கு மணி அடித்தது. அவர் வரவில்லை, இனி வரவும் மாட்டார் என்று அந்த இடத்திலேயே அவனுக்குள் தீர்ந்துபோனது.

எட்மண்ட் விசுவாசத்தை விட்டதற்கு இலக்கிய மோகம் காரணம், டார்வின் காலத்து அறிவியல் காரணம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஜன்னல்தான் முக்கியம். விசுவாசம் என்றால் காத்திருப்பது, காத்திருப்பது என்றால் இன்றைக்கே நடப்பது என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு, நடக்காமல் போன ஒரு பிற்பகலைத் தாங்கிக்கொள்ள உள்ளே வேறு எதுவும் இல்லை. தகப்பனுக்கும் அதே கதிதான். மரணத்தைக் காணாமலே எடுத்துக்கொள்ளப்படுவேன் என்று ஆயுள் முழுக்க எண்ணியிருந்த பிலிப் காஸ் 1888இல் படுக்கையில் இறந்தார். அந்த ஏமாற்றம் அவருடைய கடைசி நாட்களைக் கசப்பாக்கியதைக் குடும்பத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள். அன்பான தகப்பன், நேர்மையான அறிஞர். அவருடைய பக்தியில் குறையில்லை. அவர் பிடித்துக்கொண்ட முறையில்தான் குறை.

அதே டெவனில், எக்சிட்டர் நகரத்தில், பல் மருத்துவராக இருந்தவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ். பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1833இல் இந்தியா வந்து, திருநெல்வேலியில் மிஷனெரி ரேனியஸைச் சந்தித்தார். ரேனியஸின் மாணவரான அருளப்பன் பிற்பாடு குரோவ்ஸோடு சேர்ந்து ஊழியம் செய்தார். 1860இல் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதல் நம் சபை வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. வசதியான வாழ்வை விட்டுவிட்டு ஏழைகளிடம் போன இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எழுப்புதலின் சூடு தேதியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெற்கு பார்த்திருக்கிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். மிஷனின் குருவானவராகி, மலையாளத்தில் அருமையான கீர்த்தனங்கள் எழுதியவர் யுஸ்தூஸ் யோசேப்பு. ஜனங்கள் வித்வான் குட்டி என்று அழைத்தார்கள். 1875இல் திருவிதாங்கூரில் எழுப்புதல் எழுந்தபோது, ஆறு ஆண்டில் கிறிஸ்து வருவார் என்ற வாக்கை ஏற்றுக்கொண்டு தனிச் சபையே அமைத்தார். 1881 வந்தது, போனது. அவர் 1887இல் காலமானார். அவருடைய கீர்த்தனங்கள் கேரளச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை நம்மில் அநேகர் கேள்விப்பட்டதுகூட இல்லை, காரணம் அந்தத் தேதி.

படிக்காதவர்கள் போடுகிற கணக்கு இது என்று தள்ளிவிட முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமிலிருந்த இப்போலித்து தானியேலுக்கு உரை எழுதியவர். உலகம் ஆறாயிரம் ஆண்டு நிற்கும், கிறிஸ்து 5500ஆம் ஆண்டில் வந்தார், ஆகவே முடிவு கி.பி. 500 என்றார். 1650இல் ஆர்ச்பிஷப் அஷர் படைப்பின் ஆண்டை கி.மு. 4004 என்று வைத்தார். அதே ஆறாயிரத்தை அங்கிருந்து எண்ணியவர்களுக்கு முடிவு 1997க்கு அருகே வந்து நின்றது. விதி ஒன்று, விடைகளுக்கிடையே ஏறக்குறைய 1500 ஆண்டு. ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் பெங்கல், புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த மேதை. அவர் 1836 என்றார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் 8:14இன் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. மறுநாள் காலை அவர்கள் அழுத அழுகை இன்னும் வரலாற்றில் இருக்கிறது.

நம் காலத்துக் கணக்குக்கு அடிப்படை இயேசு உவமையாகச் சொன்ன அத்திமரம். அத்திமரம் என்றால் இஸ்ரவேல், அது தனி நாடாகத் துளிர்த்தது 1948, ஒரு தலைமுறை 40 ஆண்டு, ஆக 1988. அமெரிக்க எழுத்தாளர் ஹால் லின்ட்சே 1970இல் எழுதிய புத்தகம் இந்த எண்ணத்தை உலகமெங்கும் பரப்பியது. நாசாவில் பொறியாளராக இருந்த எட்கர் விசெனன்ட் 1988க்கு 88 காரணங்களை அடுக்கினார். ஆண்டு கடந்ததும் 1989 என்று திருத்தினார். பிறகு மற்றவர்கள் இஸ்ரவேலின் 1967 யுத்தத்திலிருந்து எண்ணினார்கள். இப்போது சங்கீதம் 90ஐக் காட்டி, தலைமுறை என்றால் 80 ஆண்டு, 2028 என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கிறேன். விடை பொய்த்ததும் கேள்வியின் எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கணக்கு எந்நாளும் தோற்காது. தோற்கவே முடியாத கணக்கு எதையும் நிரூபிக்கவும் முடியாது. அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று சொன்னபோது அவரை நம்பியவர்கள் சேமிப்பையெல்லாம் விளம்பரப் பலகைகளுக்குக் கொடுத்தார்கள். மறுவருடம் மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன். மற்றவர்களில் பலர் அதையும் செய்யவில்லை.

வேதம் இதைப்பற்றி மௌனமாயிருந்தால் நம்மை மன்னிக்கலாம். அந்த நாளைத் தானும் அறியேன், பிதா மட்டுமே அறிவார் என்று இயேசுவே சொன்னதாக மாற்கு 13 எழுதுகிறது. குமாரனுக்குத் தெரியாததைத் துணிப்படத்தில் கண்டுபிடிக்கிறோம். தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18 சட்டமே வைக்கிறது. அந்தச் சட்டத்தை எந்தக் கன்வென்ஷன் கமிட்டி கையில் எடுத்தது?

யோனாவை எடுத்துக்கொள்வோம். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று நாள் சொல்லிப் பேசினவர். நாற்பது நாள் கழிந்தது, நினிவே கவிழவில்லை. நம்முடைய கணக்கின்படி அது பொய்த்த தீர்க்கதரிசனம். வேதத்தின்படி அதுவே ஜெயித்த தீர்க்கதரிசனம், ஏனென்றால் ராஜா முதல் கடைசி மனிதன்வரை கொடுமையை விட்டுத் திரும்பினார்கள். சொன்னது நடந்தே ஆகவேண்டும் என்று நகரத்துக்கு வெளியே உட்கார்ந்து கோபப்பட்டவர் யோனா ஒருவர்தான். அந்தக் கோபத்தைத் தேவன் கடிந்துகொள்வதோடு புத்தகம் முடிகிறது. கேட்கிறவன் மனந்திரும்பவேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தையை நடக்கப்போவதன் முன்னறிக்கையாக மாற்றுகிற ஒவ்வொருவரும் யோனா உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறார்கள்.

தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். கர்த்தருடைய நாளை ஆசையோடு எதிர்பார்த்தவர்களைப் பார்த்து, அது உங்களுக்கு இருள் என்கிறார். யார் அவர்கள்? படியைச் சிறிதாக்கி, தராசைக் கள்ளத்தனமாய் வைத்து, ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்கள். வெளிப்படுத்தின விசேஷமும் ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு, ரோம ஆட்சியின்கீழ் வாழ்ந்த மனிதர்களுக்கு, எழுதப்பட்டது. 666 என்ற எண் எபிரெய எழுத்துக்களில் நீரோ இராயனின் பெயருக்குப் பொருந்துகிறது என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதற்கும் அதே பெயரின் வேறு எழுத்துமுறை விளக்கம் தருகிறது. 13ஆம் அதிகாரத்தின் முத்திரையைப் பற்றி இரவு முழுக்கப் பேசுகிறவர்கள் 18ஆம் அதிகாரத்துக்கு வருவதில்லை. அங்கே பாபிலோனின் சரக்குப் பட்டியல் இருக்கிறது: பொன், வெள்ளி, முத்து, மெல்லிய துணி, கோதுமை, ஆடுமாடு, பட்டியலின் கடைசியில் மனிதர்களின் உயிர். மனிதனை விற்கிற வியாபாரத்தைத்தான் அந்தப் புத்தகம் நியாயந்தீர்க்கிறது. வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் அடைபட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய தீர்க்கதரிசனப் பிரசங்கம் ஒன்றையும் எந்தப் பந்தலிலும் நான் கேட்டதில்லை. தடுப்பூசியில் முத்திரை இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.

என் கோபத்துக்குக் காரணம் இதுதான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணியில் கூடியிருந்த யாத்திரிகர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. பிணங்கள் மண்ணுக்குள் போகுமுன்பே, இது கடைசிக்கால அடையாளம் என்று சொன்னவர்களை என் காதால் கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. 2023 அக்டோபர் 19 அன்று காசாவில் புனித போர்பிரியுஸ் ஆலய வளாகத்தின்மேல் இஸ்ரேலின் குண்டு விழுந்தது. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். பழமையான சபையின் பிள்ளைகள், நம்மைப்போல ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதே மாதம் எசேக்கியேல் 38 நிறைவேறுகிறது என்று இங்கே தோத்திரம் சொன்னார்கள். சொந்தச் சகோதரரின் சாவையும் காணவிடாத அளவுக்கு அந்தத் துணிப்படம் கண்ணை மறைக்கிறது.

அப்படியானால் வருகையை நீ நம்பவில்லையா என்று கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். நம்புகிறேன். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று ஞாயிறுதோறும் சபையோடு எழுந்து நின்று அறிக்கையிடுகிறேன். அந்த அறிக்கையில் ஆண்டு இல்லை. சபை எடுத்துக்கொள்ளப்பட்டு மற்றவர்கள் உபத்திரவத்துக்கு விடப்படுவார்கள் என்ற அட்டவணை, 1830களில் பிரதரன் தலைவர் டார்பி வகுத்து, 1909இல் ஸ்கோபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாகப் பரவியது. அதற்குமுன் பல நூற்றாண்டுகள் சபை அது இல்லாமலே வருகையை நம்பியது, அதற்காகச் செத்தும் இருக்கிறது.

கன்வென்ஷன் நடத்துகிற சேகரங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. பேச வருகிறவர் கடந்த ஆண்டுகளில் என்னென்ன சொன்னார், அவை என்ன ஆயின என்று மேடையேறுமுன் சபை முன்னிலையில் கேளுங்கள். தவறியிருந்தால் அதை அவர் வாயால் சொல்லட்டும், பிறகு பேசட்டும். ஓய்வுநாள் பள்ளியில் இரகசிய வருகைப் படங்களைப் போட்டுக் காட்டுவதை இந்த வருடமே நிறுத்துங்கள்.